கல மென்சவ்வு: அந்த "மென்" எதற்கு?

இலங்கையில் உயர்தர உயிரியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இப்போது தமிழகத்துக் காணொளிகளையும் பார்த்துத்தான் படிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அங்கே "செல் சவ்வு" என்கிறார்கள், எங்கள் பாடநூலில் "கல மென்சவ்வு". இரண்டும் ஒன்றா, எதை எழுதுவது என்று வகுப்பில் கேட்காத ஆண்டில்லை. பொருள் ஒன்றுதான்: உயிர்க்கலத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை. ஆனாலும் எனக்குக் கல மென்சவ்வுதான் வேண்டும்.

முதலில் கலம். 1665 இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வெறும் அறைகளாகத் தெரிந்ததால், இலத்தீனில் சிற்றறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த "செல்" என்ற பெயரையே அவற்றுக்கு வைத்தார். அவர் கண்டது செத்த கலங்களின் சுவர்களை. தமிழில் கலம் என்றால் ஏந்தி வைத்திருப்பது: உண்கலம், மட்கலம், மரக்கலம். உயிருள்ள ஒன்றுக்கு அறையை விட இது பொருத்தம். அதோடு, யாழ்ப்பாணத்தில் "செல்" என்றதும் எங்கள் வயதுக்காரருக்கு நினைவில் வருவது போர்க்காலச் செல்லடிதான் (எறிகணை வீச்சு). உயிரின் அடிப்படை அலகுக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சவ்வு வீட்டுச் சொல். இறைச்சி வெட்டும்போது உரித்துக் கழிப்பதும், முட்டையோட்டின் உட்புறம் ஒட்டியிருப்பதும் சவ்வுதான். "மெம்பிரேன்" என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் தோலையும், எழுதுவதற்குப் பதப்படுத்திய தோலையும் குறித்ததுதான். ஆனால் இவையெல்லாம் கையால் பிடித்து இழுக்கக்கூடியவை. கலத்தைச் சுற்றியிருப்பது அப்படியல்ல. தடிப்பு ஏறத்தாழ 7 அல்லது 8 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரம் அடுக்கலாம். "மென்" வந்து இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது.

மெல்லியது மட்டுமல்ல, மென்மையானதும்கூட. 1925 இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற ஆய்வாளர் இருவரும் இரத்தச் செங்குழியங்களின் கொழுப்புப் பொருளான இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து நீரின் மேல் ஒற்றைப் படையாகப் பரப்பினார்கள். அது குழியங்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இடத்தைப் பிடித்தது. அப்படியானால் கலத்தில் அது இரட்டைப் படையாக இருக்க வேண்டும்! நீரை விரும்பும் தலைகள் இரு வெளிப்புறமும், நீரை வெறுக்கும் வால்கள் நடுவிலும். 1972 இல் சிங்கரும் நிக்கல்சனும் இந்தப் படை எண்ணெய் போல வழுகி நகரும், புரதங்கள் அதில் பதிந்து மிதக்கும் என்ற மாதிரியை முன்வைத்தார்கள். ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் நேரே நுழைந்துவிடும். குளுக்கோசும் சோடியம் அயனும் புரதத்தின் துணையின்றிப் போவது அரிது. நீருக்கென்றே தனிப் புரத வாய்க்கால் உண்டு. அதைக் கண்டறிந்ததற்காகப் பீற்றர் அக்ரேக்கு 2003 இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒரு சொல்லில் மட்டும் தமிழகத்தார் பக்கம் நிற்கிறேன். நாங்கள் "பிரசாரணம்" (மென்சவ்வினூடாக நீர் நகர்வது) என்று மனப்பாடம் செய்வதை அவர்கள் "சவ்வூடு பரவல்" என்கிறார்கள். சொல்லும்போதே விளங்குகிறது.

மென்சவ்வைச் சாதாரண நுணுக்குக்காட்டியில் தனியாகக் காணமுடியாது. ஆனால் அது இருக்குமிடத்தைக் காட்டச் சின்ன வெங்காயம் போதும். ஊதாத் தோலை மெல்ல உரித்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, உப்பு நீர் இரண்டு துளி விடுங்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சற்று நேரத்தில் ஊதா நிறம் கலத்தின் மூலைகளிலிருந்து விலகி, நடுவில் உருண்டு நிற்கும். மென்சவ்வுக்கு வெளியே உள்ள கலச்சுவர் கோடு போல அப்படியே இருக்கும். பிள்ளைகள் சுவரையும் மென்சவ்வையும் ஒன்றென்று எழுதுவது அன்றோடு நின்றுவிடும். அந்த ஊதாவின் விளிம்பில்தான் மென்சவ்வு இருக்கிறது. அதற்குள்ளிருந்து நீர் வெளியேறியது, நிறம் வெளியேறவில்லை. பிறகு உப்பு நீரை ஒற்றி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டால், ஊதா மெல்ல விரிந்து திரும்பச் சுவரைத் தொடும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.