தளிர்க்கீரைக்கு விதை எங்கே வாங்கினீர்கள்?

விறாந்தையில் வளர்த்த தளிர்க்கீரையை, அதாவது முதல் இலைகள் விரிந்ததும் வெட்டிச் சாப்பிடும் இளந்தளிரை (மைக்ரோகிறீன்ஸ்), படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இப்போது அதிகம். இங்கே திருகோணமலை மாவட்டத்தில் உவர்மலையிலிருந்து வரும், கிண்ணியாவிலிருந்து வரும், மூதூரிலிருந்தும் வரும். ஐஸ்கிறீம் பெட்டிக்குள் நெருக்கமாக எழுந்து நிற்கும் பச்சையைப் பார்க்க எனக்கும் சந்தோசம்தான். ஆனால் ஒரு விவசாயப் போதனாசிரியையாக நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: விதை எங்கே வாங்கினீர்கள்? அடுத்தது, எந்தத் தண்ணீர் விட்டீர்கள்? இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தால் மீதி எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

யூடியூப் காணொளிகளில் முள்ளங்கி, கோவா, நோக்கோல், பீட்றூட் என்று அழகான தளிர்களைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நேரே விதைக் கடைக்குப் போகிறோம். அங்கே இருப்பது தோட்டத்தில் நடுவதற்கான விதை. அதில் பலவற்றுக்கு நாற்று அழுகாமல் இருக்கப் பூஞ்சைக்கொல்லி தடவியிருப்பார்கள். கப்டான், திராம் போன்றவை அதற்குப் பயன்படுகிற மருந்துகள். மருந்து தடவியது என்று அடையாளம் தெரிய ரோஸ், சிவப்பு, நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு சாயமும் சேர்ப்பார்கள். இறக்குமதி செய்த சோள விதையைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று பைக்கற்றின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

சாம்பல்தீவுப் பக்கம் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இதே விதையைத்தானே தோட்டத்தில போட்டு முள்ளங்கி சாப்பிடுறோம், பிறகென்ன?" நியாயமான கேள்வி. தோட்டத்தில் போட்ட விதையின் மருந்து மண்ணோடு போய், செடி பல மடங்கு பெருத்து, ஒன்றரை மாதம் கழித்துத்தான் கிழங்கு நம் கைக்கு வருகிறது. தளிர்க்கீரையை எட்டாம் பத்தாம் நாளே வெட்டுகிறோம். சாயம் பூசிய அதே விதைத்தோல் தளிரின் நுனியில் ஒட்டிக்கொண்டே கோப்பைக்கு வந்துவிடும். கழுவிவிட்டு முளைக்கப் போட்டோம் என்பதும் பதில் இல்லை. சாயம் போகும், தோலுக்குள் ஊறிய மருந்து அப்படிப் போகாது. அதனால் நிறம் பூசிய விதை, மருந்து தடவியது என்று எழுதிய விதை, எதுவும் எழுதாமல் சில்லறையாக அள்ளித் தருகிற நடுகை விதை, இந்த மூன்றையும் தளிர்க்கீரைக்கு எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வளவில் நடுங்கள். அது அதற்கானதுதான்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அடுத்த போகத்துக்கு என்று எடுத்து வைத்த பயறு, கௌபியில் வண்டு விழாமல் இருக்கப் பூச்சிமருந்துத் தூள் கலந்து வைப்பவர்கள் உண்டு. வீட்டில் உள்ளவர்களுக்கே அது தெரியாமல் இருக்கும். விதைக்கு வைத்த சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து ஊறப்போடுவதற்கு முன், அதைக் கட்டி வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்படியானால் எதை விதைப்பது? குசினியில் இருப்பதை. முழுப் பயறு, வெந்தயம், கடுகு, கொத்தமல்லி, கௌபி. இவை சாப்பிடுவதற்கென்றே விற்பவை. வறுத்ததும் உடைத்ததும் முளைக்காது. நான் அதிகம் சொல்வது நம்முடைய சாதாரண தண்டுக்கீரையைத்தான். மூலையில் ஒரு செடியைப் பூக்கவிட்டால் வருசம் முழுவதும் தளிருக்குப் போதுமான விதை வீட்டிலேயே கிடைக்கும். என்ன தடவியது, எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே இல்லை. சூடும் அதற்குப் பிடிக்கும். வைகாசி வெயிலில் கொத்தமல்லி படுத்துவிடும், தண்டுக்கீரைத் தளிர் இரண்டு மூன்று நாளில் எழும்பி நிற்கும்.

முளைக்க வைத்துத் தளிராகச் சாப்பிடக் கூடாதவையும் உண்டு. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்குத் தளிர்களில் நச்சு அல்கலொயிட்டுகள் இருக்கின்றன. இறுங்குத் தளிரில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. இளம் இறுங்குப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துபோவது அதனால்தான். கடையில் விற்கும் பெரிய சிவப்பு அவரையை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நவராத்திரிக்குக் கும்பத்தடியில் நவதானியம் தூவி முளைக்க வைக்கிறோமே, அதையே வெட்டிச் சாப்பிடலாமா என்று போன வருசம் ஒரு மாணவி கேட்டாள். பல தானியம் கலந்தது, இருட்டில் வெளிறி வளர்ந்தது, எந்தக் கடையில் எதற்காக வைத்திருந்த விதை என்றும் தெரியாது. அது சாமிக்கே இருக்கட்டும் என்றேன்.

இனி, முளைகட்டிய பயறும் தளிர்க்கீரையும் ஒன்றல்ல. ஈரத்துணியில் கட்டி இரண்டு மூன்று நாளில் வேரோடும் விதையோடும் சாப்பிடுவது முளை. மண்ணிலோ தும்புத்தூளிலோ விதைத்து, வெளிச்சத்தில் முதல் இலைகள் விரிந்த பிறகு, வேரையும் விதையையும் கீழேயே விட்டுவிட்டு மேலே வெட்டி எடுப்பது தளிர்க்கீரை. கிருமி விசயத்தில் இந்த வித்தியாசம் பெரியது. விதையின் வெடிப்புகளுக்குள் ஈ.கோலி, சல்மொனெல்லா போன்றவை கொஞ்சமாக ஒளிந்திருக்கலாம். சூடும் ஈரமும் இருட்டும் சேர்ந்த துணி முடிச்சுக்குள் அவை ஓரிரு நாளில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். 2011இல் ஜேர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புபட்ட ஈ.கோலி தொற்றில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விதை எகிப்திலிருந்து வந்த ஒரே தொகுதியாக இருக்கலாம் என்று ஐரோப்பிய விசாரணை சொன்னது. குளிர்நாட்டில் நடந்தது இது. நம் ஊரில் பகல் சூடு 33 பாகையைத் தாண்டும் மாதங்கள் பல. ஒரு நாள் முழுக்கத் துணிக்குள் கிடந்த பயறு நுரைத்து, வழுவழுப்பாகி, புளித்த மணம் வந்தால் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

முளைகட்டிய பயறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாக ஆவி பறக்க அவித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுத் தாளித்துச் சாப்பிடுங்கள். பச்சையாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அதிலும் கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், முதியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் பச்சை முளையைத் தொடவே கூடாது. சத்து என்று நினைத்துக் கர்ப்பிணி மகளுக்குக் காலையில் பச்சை முளைப்பயறு ஊட்டும் தாய்மாரை நான் பார்க்கிறேன். அவர்களின் அக்கறை எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த அக்கறையோடு அடுப்பில் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். தளிர்க்கீரையில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. மேலே சொன்னவர்களுக்கு அதையும் வறையாகவோ சொதியில் போட்டோ கொடுப்பது நல்லது. சாப்பிட்ட பின் இரத்தம் கலந்த வயிற்றோட்டம் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீருக்கு வருவோம். கடலோரம் இருப்பவர்களுக்கு இது பெரிய விசயம். நிலாவெளி, திருக்கடலூர், குச்சவெளிப் பக்கக் கிணறுகள் சில, கோடையில் சவர்க்கும். வாயில் வைத்தால் இலேசாகக் கரிக்கிற தண்ணீரே பயறு முளையைக் கருக்கப் போதும். கடுகு கொஞ்சம் தாங்கும். விதை முளைத்து நுனி பழுப்பாகக் காய்ந்தால் உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா கரைத்து விடுகிறார்கள். அது உப்புக்கு மேல் உப்பு. தளிருக்கு உரமே தேவையில்லை, விதைக்குள் இருக்கும் சேமிப்பே அதற்குப் போதும். தும்புத்தூளிலும் இதே சிக்கல் இருக்கிறது. உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து எடுத்த தூள் உப்பாக இருக்கும். சாக்கில் அள்ளிக்கொண்டு வந்ததை அப்படியே போடாமல், நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வடியும் கறுத்த நீர் தெளிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

மாரியில் கவலை வேறு. ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை மழை. வெள்ளம் நின்ற வளவுகளில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே நீரில் கிடக்கும். அந்தக் கிணற்றை இறைத்துக் குளோரின் இடும் வரைக்கும், விதை ஊறவைக்கவும் தெளிக்கவும் கொதித்தாறிய நீரையோ குழாய் நீரையோ எடுங்கள். ஊறலாக்கிய மாட்டுச் சாணம், கோழி எரு எதையும் தளிருக்குத் தெளிக்க வேண்டாம். கத்தரிக்கு அது அருமருந்து. பத்து நாளில் பச்சையாக வாய்க்குப் போகிறதற்கு அல்ல.

சரி, வளர்ப்பது எப்படி? அடியில் துளை போட்ட ஐஸ்கிறீம் பெட்டி, ஓர் அங்குலம் அலசிய தும்புத்தூள், அது போதும். பயறு, கௌபி, வெந்தயத்தை இரவில் ஊறப்போட்டுக் காலையில் வடித்துவிடுங்கள். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நம் சூட்டில் ஊறக் கூடாது. கடுகை ஊறவைக்காதீர்கள், பசைபோல் ஒட்டிக்கொள்ளும். தண்டுக்கீரை விதையும் ஊறத் தேவையில்லை, தூவி இலேசாக அழுத்திவிட்டால் போதும். கொத்தமல்லியை உள்ளங்கையால் உருட்டி இரண்டாகப் பிளந்துவிட்டுத் தூவுங்கள், அதுவும் மார்கழி, தை மாதங்களில் மட்டும். விதைக்கு மேல் விதை விழாமல் பரப்பி, நீர் தெளித்து, இன்னொரு பெட்டியால் இரண்டு நாள் மூடுங்கள். முளை தெரிந்ததும் திறந்துவிடுங்கள். காலை ஒன்பது மணி வரைக்குமான வெயில் நல்லது. நடுப்பகல் வெயிலும், வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கிற கச்சான் காற்றும் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் வதக்கிவிடும். கிழக்கு விறாந்தைதான் சரியான இடம். மேலே ஊற்றாமல் பெட்டியை ஒரு தட்டு நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும், தண்டு நனையாது, அழுகலும் குறையும்.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுபோல் தெரிகிறது, பூஞ்சணமா என்று கேட்டுப் பலர் படம் அனுப்புவார்கள். பெரும்பாலும் அது வேர்த்தூவி. ஒவ்வொரு வேரைச் சுற்றியும் ஒரே சீராக இருக்கும், தண்ணீர் தெளித்தவுடன் மறைந்துபோகும். பூஞ்சணம் விதைக்கு விதை தாவி, தண்டிலும் ஏறி, ஒருவித முடைநாற்றத்தோடு இருக்கும். தண்ணீர் தெளித்தாலும் போகாது. அப்படியானால் அந்தப் பகுதியை மட்டும் பிடுங்கிவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், பெட்டியோடு கொட்டுங்கள். மழைக்காலத்தில் நெருக்கமாக விதைத்தவர்களுக்கும், பழைய விதை போட்டவர்களுக்கும்தான் இது அதிகம் வரும். முளைக்காத விதை அழுகித்தான் தொடங்குகிறது. புதுப் பைக்கற் ஒன்றை எடுத்தால் ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

முதல் இலைகள் நன்றாக விரிந்ததும், வேர்ப்பக்கத்திலிருந்து ஒரு விரல் உயரத்தில் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். தும்புத்தூள் ஒட்டிய அடித்தண்டு வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் கழுவுங்கள். கழுவி ஈரத்தோடு பிரிட்ஜில் வைத்தால் மறுநாளே குழைந்துவிடும்.

சத்து பற்றியும் ஒரு வார்த்தை. தளிர்க்கீரையில் "40 மடங்கு விற்றமின்" என்று பகிரப்படும் செய்தி, 2012இல் அமெரிக்காவில் 25 வகைத் தளிர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. சில தளிர்களில் சில விற்றமின்கள் முதிர்ந்த இலையை விடப் பல மடங்கு இருந்தது உண்மைதான். எல்லாத் தளிரிலும் எல்லாச் சத்தும் அப்படி என்று அது சொல்லவில்லை. நாம் ஒரு நேரத்தில் சாப்பிடுவதும் ஒரு சிறு பிடிதான். வேலியில் முருங்கை நிற்கும்போது, பொன்னாங்காணியும் வல்லாரையும் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்போது, அவற்றை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டியதில்லை. வளவு இல்லாத வாடகை வீட்டுக்கும், கீரை விலை ஏறுகிற மழை நாட்களுக்கும், தான் விதைத்ததைத் தானே சாப்பிடப் பிள்ளைக்கு ஆசை வருவதற்கும் தளிர்க்கீரை நல்லது. இருதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் குளிசை எடுப்பவர்கள் மட்டும், புதிதாக எந்தக் கீரையையும் தினமும் சேர்க்கத் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். கீரையிலுள்ள விற்றமின் கே அந்தக் குளிசையின் வேலையைக் குறைக்கும்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கொடுக்கலாமா என்று சில தங்கச்சிமார் கேட்கிறார்கள். அங்கே வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் உல்லாசப் பயணிகள் வரும் பருவமும் கச்சான் அடிக்கும் பருவமும் ஒன்றே. அந்த மாதங்களில் நிழல், காற்றோட்டம், பிரிட்ஜ் மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். விற்பதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிக் கேளுங்கள். வெட்டிய திகதியை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதுங்கள். விதை வாங்கிய பைக்கற்றை அந்தத் தொகுதி விற்று முடியும் வரை எறியாமல் வைத்திருங்கள். கையில் இருக்கும் விதை மருந்து தடவியதா என்று சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்துக் கேட்கலாம், அல்லது பைக்கற்றின் பின்பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் பகுதிப் போதனாசிரியருக்கு அனுப்பலாம்.