பழைய போர்ஷேல ஐஎம்எஸ் பேரிங் மாத்தப் போறீங்களா? முதல்ல ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்க

செகண்ட் ஹேண்ட்ல பாக்ஸ்டரோ 996 கரேராவோ (911ல ஒரு தலைமுறை) வாங்கினவங்க எங்கிட்ட கேக்குற முதல் கேள்வி எப்பவும் இதுதான், ஐஎம்எஸ் பேரிங் மாத்தணுமா வேணாமா. பெரும்பாலும் மாத்திடுங்கன்னுதான் சொல்வேன். ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு, முக்காவாசிப் பேர் அதைச் செய்றதே இல்ல, நேரா புது பேரிங் கிட் ஆர்டர் போட்டு கையில எடுத்துட்டு வந்துடறாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

புதுசா கேள்விப்படுறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1997 மாடல்லேருந்து 2008 மாடல் வரைக்கும் வந்த பாக்ஸ்டர், அந்தக் காலத்து கேமேன், சாதா 911 இதுலல்லாம் இருக்கறது எம்96, எம்97 இன்ஜின். இதுல கிராங்க்குக்கு (பிஸ்டன் சுத்தவைக்கற தண்டு) கீழ இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒண்ணு ஓடும், சுருக்கமா ஐஎம்எஸ். கிராங்க்லேருந்து செயின் வழியா அதுக்கு, அங்கேருந்து செயின் வழியா, வால்வைத் திறந்து மூடற ரெண்டு பக்க கேம் ஷாஃப்ட்டுக்கும் சுழற்சி போகும். ஆயில் பம்ப்பும் அந்த ஷாஃப்ட்டோட இன்னொரு முனையிலதான் சுத்துது. ஃப்ளைவீல் பக்கத்து முனையைத் தாங்குறது ஒரு சீல் பண்ண பால் பேரிங், அதைத்தான் எல்லாரும் ஐஎம்எஸ் பேரிங்னு சொல்றது. உள்ள கிரீஸ் வச்சு மூடினது, ஆனா அது உக்காந்திருக்கற இடம் பூரா இன்ஜின் ஆயில். வருஷம் போகப் போக சூட்டுல சீல் இறுகிப்போயி ஆயில் உள்ள புகுந்துடும், கிரீஸைக் கழுவிடும், புகுந்த ஆயிலும் வெளிய வர வழியில்லாம அங்கயே கெட்டுப்போயிக் கிடக்கும், அப்புறம் பாலும் ரேஸும் (பால் ஓடற வளையம்) தேய ஆரம்பிக்கும். பேரிங் முழுசா விட்டுப்போச்சுன்னா ஷாஃப்ட் ஆடி, செயின் தளர்ந்து, டைமிங் தாவி, வால்வு பிஸ்டன்ல போய் அடிச்சிடும். அதோட இன்ஜின் காலி.

டர்போ, ஜிடி3, ஜிடி2 வச்சிருக்கவங்க பயப்பட வேணாம், அந்தக் காலத்து டர்போவும் ஜிடியும் வேற இன்ஜின், இந்தப் பேரிங்கே அதுல கிடையாது. 2009 மாடல்லேருந்து வந்த புது இன்ஜின்ல இன்டர்மீடியட் ஷாஃப்ட்டையே எடுத்துட்டாங்க.

பேரிங்லயும் மூணு விதம் உண்டு. ஆரம்பத்துல வந்த டியூவல் ரோ, அதாவது ரெண்டு வரிசை பால் உள்ளது, ஓரளவு தெம்பானது. 2000, 2001 வாக்குல ஒரே வரிசை பால் உள்ள சிங்கிள் ரோவுக்கு மாறினாங்க, கெட்ட பேர் வாங்கினது இதுதான். அமெரிக்காவுல இதுக்காக வழக்குப் போட்டு 2013ல செட்டில்மென்ட் ஆச்சு, அந்த வழக்கை ஒட்டி பரவலா சொல்ற கணக்குப்படி பேரிங் போனது சிங்கிள் ரோவுல நூத்துக்கு 8 கிட்ட, டியூவல் ரோவுல 1 கூட இல்ல. அப்புறம் 2005 வாக்குலேருந்து 2008 வரைக்கும் கொஞ்சம் பெருசா ஒரு பேரிங் போட்டாங்க. இது பலமானதுதான், ஆனா இன்ஜின் கூட்டுல இருக்கற ஓட்டையை விட பேரிங் பெருசு, இன்ஜினைப் பிளக்காம வெளிய எடுக்கவே முடியாது. இந்த வண்டிக்கு "முன்கூட்டியே மாத்தித் தர்றேன்"னு யாராவது சொன்னா எப்படி எடுப்பீங்கன்னு கேளுங்க. நான் செய்றது, கிளட்ச் வேலைக்குத் திறக்கும்போது அந்தப் பேரிங்கோட வெளிப்பக்க சீலை மட்டும் எடுத்து விட்டுடுவேன், இன்ஜின் ஆயில் உள்ள போயிட்டு வந்துட்டு இருக்கும்.

இப்ப அந்த ஃபில்டர் விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கஸ்டமர், 2003 பாக்ஸ்டர், வாங்கி மூணு மாசம்கூட ஆகல, கையில புது செராமிக் பேரிங் கிட். "அண்ணே, இதை மாட்டிக் குடுத்துட்டா அப்புறம் நிம்மதி"ன்னார். முதல்ல ஃபில்டரைப் பாத்துடலாம் சார்னு சொன்னேன். இந்த இன்ஜின்ல ஃபில்டர் ஒரு கேனுக்குள்ள இருக்கற பேப்பர் எலிமென்ட். அதைக் கழட்டி, மடிப்பு மடிப்பா இருக்கற பேப்பரைத் தனியா வெட்டி எடுத்து, ஆயில் வடிஞ்சதும் வெள்ளைத் துணி மேல விரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தோம். மடிப்பு இடுக்குல எல்லாம் மினுமினுன்னு தூள். ஒரு காந்தத்தை பேப்பருக்கு அடியில வச்சு நகத்தினேன், தூள் கூடவே நகந்துச்சு. நடுவுல கறுப்பா ரப்பர் துணுக்கு வேற. அவர் முகம் மாறிடுச்சு.

காந்தத்துல ஒட்டுதுன்னா இரும்பு, அதாவது பாலோ ரேஸோ தேஞ்சு வர்றது. கறுப்பு ரப்பர் துணுக்கு பெரும்பாலும் பேரிங் சீலோடது. பழுப்பு நிறத்துல கெட்டி பிளாஸ்டிக் துணுக்கா இருந்தா அது செயின் போற பாதையில இருக்கற பேட் தேயறது, அது வேற வேலை. மினுங்குது ஆனா காந்தத்துல ஒட்டலன்னா அலுமினியம், அப்ப சிலிண்டர் பக்கம் போரஸ்கோப் (குழாய் மாதிரி குட்டி கேமரா) விட்டுப் பாக்கணும், ஏன்னா இந்த இன்ஜின்களுக்கு சிலிண்டர் சுவர்ல கீறல் விழற வியாதியும் உண்டு, அதுவும் 3.4 லிட்டர்லேருந்து மேல. இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற சம்ப் பிளேட்டையும் கழட்டிப் பாத்துடுங்க, பெரிய துணுக்கெல்லாம் அங்கதான் தங்கும்.

இரும்புத் தூள் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு இருந்தா புது பேரிங் போட்டு மூடக் கூடாது. இதுல நான் பிடிவாதமா இருக்கேன். தேஞ்ச தூள் ஆயிலோட சேந்து இன்ஜின் பூரா சுத்தியாச்சு, கிராங்க் பேரிங், ஆயில் பம்ப், செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் எல்லாத்துலயும் போயிருக்கும், அந்த அழுக்கு ஆயில்லயே புது பேரிங்கும் சுத்தினா அதுவும் சீக்கிரமே போயிடும். அந்த இன்ஜினை இறக்கி முழுசா பிரிச்சுக் கழுவித்தான் ஆகணும். அந்த கஸ்டமருக்கு அதைத்தான் சொன்னேன், கிட் பெட்டி பிரிக்காமயே திரும்பப் போச்சு, வண்டியை அன்னிக்கே ஓட்டறதை நிறுத்திட்டார். கஷ்டமான முடிவுதான், ஆனா ஓடிட்டு இருக்கற இன்ஜினைப் பிரிக்கறதும் உடைஞ்ச இன்ஜினைப் பிரிக்கறதும் ஒண்ணு இல்ல.

ஃபில்டர் சுத்தமா இருந்துச்சா, தாராளமா மாத்துங்க. எப்பன்னா கிளட்ச் வேலையோட. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறக்கினாத்தான் அந்தப் பேரிங் கண்ணுலயே படும், அதனால பின்பக்க கிராங்க் சீல், ரிலீஸ் பேரிங் இதெல்லாம் அப்பவே முடிச்சுடுங்க, ஃப்ளைவீல்ல ஆட்டம் இருக்கான்னும் பாத்துடுங்க. பழைய வண்டின்னா ஏர் ஆயில் செபரேட்டரையும் (இன்ஜின் புகையிலேருந்து ஆயிலைப் பிரிக்கறது) சேத்துக்கலாம். வாட்டர் பம்ப்பை மறந்துடாதீங்க, அதோட பிளாஸ்டிக் இறக்கை உடைஞ்சு துண்டு கூலன்ட் வழியில போய் மாட்டிக்கும், பேரிங்கைப் பத்தி எல்லாரும் பேசுற அளவுக்கு இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கறதுல ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும், பேரிங்கை மூடியிருக்கற ஃபிளேஞ்சைக் கழட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க? கிராங்க்கை டாப் டெட் சென்டர்ல (முதல் பிஸ்டன் உச்சியில இருக்கற நிலை) பின் போட்டு லாக் பண்ணணும், கேம் லாக் பண்ணணும், செயின் டென்ஷனரைக் கழட்டணும். இது பண்ணாம ஃபிளேஞ்சோட மூணு போல்ட்டைக் கழட்டினா செயின் இழுக்குற இழுப்புல ஷாஃப்ட் ஒரு பக்கமா சாஞ்சிடும், டைமிங் தாவிடும். நல்லா இருந்த இன்ஜின் இந்த ஒரு வேலையிலயே போன கதை உண்டு. பதில் சொல்ல தயங்கினாருன்னா வேற ஆளைப் பாருங்க.

புதுசா போட்டதும் ஆயுசுக்கும் கவலை இல்லன்னு நினைக்காதீங்க, செராமிக் பேரிங்குக்கும் மாத்துற கெடு இருக்கு, கிட்லயே போட்டிருப்பாங்க. ஆயிலை வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லன்னா 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துங்க, ஓட்டாம மூடி வச்சிருந்தாலும் சரி. ஷெட்ல நிக்கிற வண்டியும் பக்கத்துல மட்டும் போயிட்டு வர்ற வண்டியும்தான் எனக்குப் பயம், ஆயில் முழுசா சூடாகாம ஈரம் அதுலயே தங்கிடும். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை வெட்டிப் பாக்கச் சொல்லுங்க, முடிஞ்சா பக்கத்துல நின்னு நீங்களே பாருங்க. கழட்டின பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கிக்கோங்க, விரல்ல வச்சு சுத்தினா அது வழுக்கிட்டுப் போகுதா, நறநறன்னு சிக்குதான்னு உங்களுக்கே தெரியும், நாளைக்கு வண்டியை விக்கும்போது பில்லோட சேத்து அதையும் காட்டலாம்.