நான்கு பெயர், ஒரே லேப்டாப்

பதிப்பு வரலாற்றைப் பார்த்து முதன்முதலாக மதிப்பெண் போட்டபோது தவறாகத்தான் போட்டேன். நான்கு மாணவர்கள் கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதிய கள ஆய்வு அறிக்கை அது. யார் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பதை டாக்ஸ் தன் பதிப்பு வரலாற்றில் ஆளுக்கொரு நிறத்தில் காட்டும். அந்த அறிக்கை முழுவதும் ஏறக்குறைய ஒரே பச்சை. பச்சைக்காரனுக்கு முழு மதிப்பெண்ணும் மற்ற மூவருக்குப் பாதியும் போட்டுவிட்டு, நியாயம் செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பச்சைக்காரனே வந்து நின்றான். "மேடம், லேப்டாப் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. விடுதியில் என் அறையில் உட்கார்ந்து நால்வரும் சேர்ந்துதான் எழுதினோம். நான் வேகமாகத் தட்டச்சு செய்வேன், அவ்வளவுதான். களத்துக்கு அலைந்தது அவர்கள்."

மதிப்பெண்ணைத் திருத்தினேன். நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் அன்றோடு போனது.

இப்போது ஒரு செமஸ்டரில் மூன்று எழுத்துப் பணிகளை ஒரே குழுவுக்குக் கொடுத்து, மூன்றின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறேன். முதல் பணியில் பெரும்பாலும் பாகப்பிரிவினைதான்: ஆளுக்கொரு தலைப்பு, கடைசி இரவில் எல்லாவற்றையும் ஒட்டுவது. இரண்டாவதில் ஒருவர் இன்னொருவருடைய பத்தியில் எழுத்துப்பிழை திருத்துவார், அதற்கும் ஓரத்தில் "மாற்றலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான். மூன்றாவதில்தான், எல்லாக் குழுக்களிலும் அல்ல, ஒருவர் துணிந்து நண்பரின் பத்தியை நீக்குவார். நட்பு முறிந்துவிடாமல் அதைச் செய்யத் தெரிந்த குழுவைத்தான் சேர்ந்து எழுதும் குழு என்பேன்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். மூன்றாவது பணியில் அவள் புதிதாக எழுதியது நாலைந்து வரிகள்தான். ஆனால், ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருந்த அறிமுகப் பகுதியை ஒரு மாலையில் ஒரே பத்தியாக ஆக்கியிருந்தாள். சொற்களை எண்ணினால் அவள் கணக்கு கழித்தலில் நிற்கும். அந்த அறிக்கையைப் படிக்கத் தக்கதாக்கியது அவள்தான்.

2004இல் பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் முதலிய ஆய்வாளர்கள் விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் திருத்த வரலாற்றை வண்ணப் பட்டைகளாக வரைந்து காட்டினார்கள். ஒருவர் எழுதியது அடுத்தடுத்த திருத்தங்களில் தப்பி நிற்கும்வரை அவருடைய நிறம் நீளும், அழிக்கப்பட்டால் அறுந்துவிடும். இருவர் மாறி மாறி அழித்துக்கொண்டால் படம் வளைந்து நெளியும். எவ்வளவு எழுதினார் என்பதோடு, எழுதியது எவ்வளவு காலம் நின்றது என்பதையும் பார்க்க அதிலிருந்துதான் எனக்குத் தோன்றியது.

விக்கிப்பீடியா வரலாற்றில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காட்டும் எண் பைட்டுக் கணக்கு, அதாவது எழுத்துகள் கணினியில் பிடிக்கும் இடத்தின் அளவு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நம் 'க'வுக்கு மூன்று, 'கொ'வுக்கு ஆறு. தமிழில் ஒரு வரி எழுதியவர் அங்கே பெரிய உழைப்பாளியாகத் தெரிவார்!

இதில் இறங்க நினைக்கும் சக ஆசிரியர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஆவணத்தை நகலெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். நகலில் பழைய வரலாறு வராது, மூல ஆவணத்திலேயே திருத்தும் அனுமதி வாங்குங்கள். சிறு சிறு பதிப்புகளை டாக்ஸ் சில சமயம் ஒன்றாக்கிவிடும் என்பதால், வாரக் கடைசியில் அன்றைய பதிப்புக்குப் பெயரிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரே நொடியில் 800 சொற்கள் வந்து விழுந்தால், எங்கிருந்தோ களவாடியது என்றோ செயற்கை நுண்ணறிவு எழுதியது என்றோ உடனே முடிவுகட்ட வேண்டாம். சிக்னல் இல்லாத ஊரில் கைப்பேசிக் குறிப்பில் எழுதி வைத்து, பஸ் டவுன் வந்ததும் ஒட்டியவர்களை எனக்குத் தெரியும். கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்கிறாய்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரலாற்றைப் பார்ப்பேன் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். சொல்லாமல் பார்ப்பது வேவு. சொன்னால் நடிப்பும் வரும்: ஒருவன் ஒரே பத்தியை நான்கு முறை அழித்து நான்கு முறை தட்டியிருந்தான். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப் குழுவிலும் விடுதி அறையிலும் நடக்கும் பேச்சு எந்தப் பதிப்பு வரலாற்றிலும் ஏறுவதில்லை. சென்ற செமஸ்டரில் ஒரு குழு அதற்குத் தானே ஒரு வழி கண்டது. ஒவ்வொரு நாளும் ஆவணத்தின் தலைப்பில் ஒரு வரி: "இன்று தட்டியது ஒருவர், சொன்னது மூவர், சண்டை இரண்டாம் பத்தியில்."