உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு: ஒரு கிண்ணம் வெந்த கதை

கீழடி அருங்காட்சியகத்தில் கறுப்பு சிவப்புக் கலங்கள் இருக்கும் கண்ணாடிப் பேழை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "எவ்வளவு நேர்த்தியாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் பார்" என்று யாராவது ஒருவர் தம் பிள்ளையிடம் சொல்வது காதில் விழும். சென்ற முறை ஓர் அம்மா அப்படிச் சொன்னபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது பூச்சு இல்லை அம்மா, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, இரண்டும் ஒரே களிமண்தான்" என்றேன். "அப்படியானால் நிறம் எப்படி வந்தது?" என்று அவருடைய மகள் கேட்டாள். மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவளுக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

களிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நம் பக்கத்துக் கண்மாய்களில் படிந்திருக்கும் களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. அளவு சிறிதுதான் என்றாலும் பானையின் நிறத்தைத் தீர்மானிப்பது அதுதான். இரும்புக்கு ஆக்சிஜன் மேல் தீராத பசி. மழையில் விட்டுவந்த மண்வெட்டி துருப்பிடிப்பது அந்தப் பசியால்தான். சூளையில் தாராளமாகக் காற்று கிடைத்தால், மண்ணில் உள்ள இரும்பு ஆக்சிஜனை வயிறு நிறைய எடுத்துக்கொண்டு ஹேமடைட் என்ற சிவப்புக் கனிமமாகிவிடுகிறது. செங்கல், ஓடு, பூந்தொட்டி எல்லாம் சிவந்திருப்பதற்கு இதுவே காரணம்.

காற்று போதாத இடத்தில் நடப்பது வேறு. விறகும் வைக்கோலும் எரியவும் ஆக்சிஜன் வேண்டுமல்லவா? அது குறைந்தால் அவை முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைக் கக்குகின்றன. அந்த வாயு ஆக்சிஜனுக்கு அலைவது. வெளியே கிடைக்காவிட்டால், மண்ணில் உள்ள இரும்பிடமிருந்தே கொஞ்சம் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்த இரும்பு மேக்னடைட் என்ற கறுப்புக் கனிமமாக மாறுகிறது. கூடவே, எரியாமல் மிஞ்சிய நுண்ணிய கரி களிமண்ணின் துளைகளுக்குள் புகுந்து அப்படியே தங்கிவிடுகிறது. கிண்ணத்தின் கறுப்பில் பெரும்பங்கு இந்தக் கரியுடையது. கேஸ் அடுப்பில் சுடர் நீலமாக இருக்கும்வரை பாத்திரத்தின் அடி சுத்தமாக இருப்பதையும், சுடர் மஞ்சளானால் அடி கறுத்துப்போவதையும் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் காற்றுக் குறைச்சல்தான் வேலை செய்கிறது.

இப்போது கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உண்மையிலேயே கவிழ்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் குயவர் சூளையில் அதைக் கவிழ்த்துத்தான் வைத்தார். வாய் கீழே, வைக்கோலிலோ உமியிலோ புதைந்திருக்கிறது. அடிப்பாகம் மேலே, தீயும் காற்றும் ஓடும் இடத்தில். கவிழ்ந்த கிண்ணத்துக்குள் சிக்கிய காற்று சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பது வெறும் புகைதான். வெளிப்புறத்துக்கோ காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒரே நேரத்தில், ஒரே கலத்தின் இரு பக்கங்களும் இரண்டு வேறு உலகங்களில் வேகின்றன. பொதுவாக இந்தக் கலங்களில் கறுப்பு உள்ளோடு நிற்பதில்லை. விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கத்திலும் ஒரு பட்டையாக இறங்கியிருக்கும். விளிம்பு எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்பதை அந்தப் பட்டை சொல்கிறது. அதற்குக் கீழே நேர்கோடு கிடையாது. கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சிவப்பாகி, மெல்லக் கரைகிறது. பெயின்டாக இருந்தால் அங்கே ஒரு கோடு தெரிந்திருக்கும்.

முதலில் சாதாரணமாகச் சுட்டுச் சிவக்கவைத்துவிட்டு, இரண்டாவது முறை வாயைப் புகையில் புதைத்துச் சுட்டார்கள் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எந்த வழியானாலும் கலையின் சூட்சுமம் ஒன்றே: எந்தப் பக்கம் காற்று படலாம், எந்தப் பக்கம் படக்கூடாது. அதோடு, ஆறும் நேரமும் முக்கியம். சூடு தணிவதற்குள் அவசரப்பட்டுக் கிண்ணத்தைத் திருப்பினால் காற்று பாய்ந்து உள்ளே இருக்கும் கரி எரிந்துவிடும், கறுத்த இரும்பும் மறுபடி சிவந்துவிடும். பொறுத்திருந்தவருக்கே கறுப்பு கிடைத்தது. ஆக்சிஜன் என்ற வாயு இருப்பதே 18ஆம் நூற்றாண்டில்தான் கண்டறியப்பட்டது. கீழடியின் மண்ணடுக்கு ஒன்றில் கிடைத்த கரித்துண்டின் வயதோ கி.மு. 580 அளவில் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத ஒன்றைத் திறக்கவும் மூடவும் நம் ஊர்க் குயவருக்குத் தெரிந்திருந்தது.

இது தமிழர் மட்டுமே அறிந்த வித்தை என்று சொன்னால் தவறாகிவிடும். ராஜஸ்தான், குஜராத் உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் கறுப்பு சிவப்புக் கலங்கள் கிடைத்திருக்கின்றன. 2015இல் கீழடியில் அகழாய்வு தொடங்கியதிலிருந்து நாம் அதன் வயதைப் பற்றியே வாதாடிக்கொண்டிருக்கிறோம். வயது முக்கியம்தான். ஆனால் 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓட்டைப் பார்க்கும்போது, அந்த ஓட்டைச் சுட்ட கையைப் பற்றியும் நாம் அதே ஆவலோடு பேசுவதில்லையே என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்தக் கை இன்னும் வேலை செய்யும் இடம் அதிக தூரத்தில் இல்லை. வைகையின் கரையில் இருக்கும் மானாமதுரையில் பானையும் கடமும் இன்றும் செய்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் களிமண்ணில் மணலைத் தூவி, காலால் மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். மணல் சுருங்காது. அதனால் ஈரம் வெளியேற வழி கிடைக்கிறது, விரிசலும் ஓடாமல் நிற்கிறது. சூளையிலும் முதலில் மந்தமான சூடுதான். நீர் ஆவியாகி மெதுவாக வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் பானை உள்ளேயே சிதறிவிடும். ஐயனாருக்குப் புரவி எடுக்கும்போது குதிரையின் வயிற்றைக் கூடாக விடுவதும், உடம்பில் துளை வைப்பதும் இதற்காகவே.

சூடு ஏறி 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் மண்ணின் சாதி மாறுகிறது. களிமண்ணின் அணுக்கட்டமைப்போடு பிணைந்திருந்த நீரும் அப்போது பிரிந்துபோகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நாள் ஊறவைத்தாலும் அது பழைய களிமண் ஆகாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று வீட்டில் சொல்கிறோமே, அதன் வேதியியல் இதுதான். ஈராயிரம் ஆண்டு மழையில் கிடந்தும் கீழடி ஓடுகள் கரையாமல் நமக்குக் கிடைத்ததற்கும் இதுவே காரணம். பெரியவரிடம் வெப்பமானி கிடையாது. சூளையின் இடுக்கு வழியே பார்த்து, மங்கிய சிவப்பு நன்றாகக் கனன்று செம்மஞ்சளை நெருங்கும்போது விறகை நிறுத்துகிறார்.

வெந்த பிறகும் பானையில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் குளிர்வது அவற்றால்தான். 10 லிட்டர் தண்ணீரில் 100 மில்லி கசிந்து ஆவியானால், அது எடுத்துச்செல்லும் வெப்பம் மிச்சத் தண்ணீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்கப் போதும். மதுரையின் வறண்ட காற்றில் இது நன்றாக நடக்கும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அவ்வளவாக நடக்காது. உண்ணும் கலத்துக்கு மாறான குணம் வேண்டும். கசிவு குறைய வேண்டும். அதனால்தான் கறுப்பு சிவப்புக் கிண்ணங்களைச் சுடுவதற்கு முன் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பின் துளைகள் அடைபடுகின்றன, மிச்சத்தில் கரி நிரம்புகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இன்றும் மினுங்குவது அந்தத் தேய்ப்பு.

நான் போயிருந்த அன்று சூளை பிரித்தார்கள். பெரியவர் ஒவ்வொரு பானையாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். விரிசல் இருந்தால் ஓசை செத்துவிடும். நல்லவை ஒரு பக்கம் அடுக்கானது. ஒன்றை மட்டும் தனியாக ஒதுக்கினார். கேட்டதற்கு, "வைக்கோல் ஒட்டிப் புகை அடித்துவிட்டது தம்பி, யாரும் வாங்க மாட்டார்கள்" என்றார். வாயைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு. அதற்குக் கீழே பழுப்பு, பிறகு சிவப்பு. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், முழுக்கக் கறுத்திருந்தது. தட்டச் சொன்னேன். கணீர் என்றது. பாதி விலை போதும் என்றவரிடம் முழு விலையும் கொடுத்து வாங்கி வந்தேன். இப்போது எங்கள் வீட்டில் அதில்தான் கல்லுப்பு இருக்கிறது.