நிற வைரம் வாங்கும்போது: நிறம் எங்கிருந்து வந்தது?

நிற வைரம் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "இது அசல் வைரம்தானே?" என்று. ஆம் என்ற பதில் உண்மையாகவே இருக்கலாம். கல் பூமிக்கடியில் விளைந்ததுதான். நிறம் மட்டும் ஆய்வகத்தில் ஏற்றப்பட்டிருக்கலாம். கடைகளில் கல்லின் மேல் வைத்து 'பீப்' ஒலி கேட்கும் பேனா போன்ற கருவி இதைக் கண்டுபிடிக்காது. கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே அது பார்க்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நிறம் இயற்கையா, ஊட்டப்பட்டதா என்பதே.

இயற்கையில் மஞ்சளுக்கு நைட்ரஜன், நீலத்துக்குப் பெரும்பாலும் போரான், இளஞ்சிவப்புக்குப் படிக அமைப்பு அழுத்தத்தில் நெளிந்தது, பச்சைக்குப் பாறைகளில் உள்ள கதிரியக்கம் காரணம். தகராறு அதிகம் வருவது பச்சையில்தான். ஆய்வகத்தில் எலக்ட்ரான் கற்றையோ அணு உலை நியூட்ரானோ செய்வதும் இயற்கைக் கதிரியக்கம் செய்வதும் ஒரே வேலை: கார்பன் அணுவை அதன் இடத்திலிருந்து தட்டிவிடுவது. அதனால் கற்களைச் சோதித்து அறிக்கை தரும் கைதேர்ந்த ஆய்வகங்களே சில பச்சைக் கற்களுக்கு 'நிறத்தின் தோற்றம் தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதித் தருகின்றன. அது ஆய்வகத்தின் குறை அல்ல, நேர்மை. பட்டை தீட்டுபவர்கள் பச்சைக் கல்லின் விளிம்பில் தீட்டாத பழைய தோலைச் சிறிது விட்டுவைப்பதும் இதனால்தான். அதில் தெரியும் பச்சை அல்லது பழுப்புக் கறைகள், நிறம் இயற்கை என்பதற்கு ஓர் ஆதரவுச் சாட்சி. அதையே முடிவான ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கதிர்வீச்சு முதலில் தருவது பச்சை, நீலப்பச்சை, நீலம். பிறகு சில நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றினால், கல்லில் உள்ள நைட்ரஜனைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, சில வேளை இளஞ்சிவப்பு வரும். கற்றை ஒரு பக்கமிருந்து பாய்ந்திருந்தால் நிறம் மேற்பரப்பை ஒட்டியே தங்கும். கல்லை வெள்ளைப் பரப்பில் வைத்து, பரவலான ஒளியில், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (கையடக்க உருப்பெருக்கியில்) பாருங்கள். அடிநுனியைச் சுற்றிக் குடை விரித்ததுபோல் நிறம் தெரிந்தால், அல்லது இடுப்பு விளிம்பையொட்டி அடர்ந்த வளையம் ஓடினால், சந்தேகப்படுங்கள். இன்றைய முறைகளில் நிறம் பெரும்பாலும் சீராகவே பரவும். எனவே இந்த அடையாளம் இல்லாததால் மட்டும் கல் இயற்கை ஆகிவிடாது.

நீலத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. போரானால் நீலமான வைரம் மின்சாரத்தைக் கடத்தும். கதிர்வீச்சால் நீலமானது கடத்தாது. இதுவும் முதற்கட்டச் சல்லடைதான். ஆய்வகத்தில் வளர்த்த போரான் வைரமும் கடத்தும். ஹைட்ரஜன் தொடர்பான சில இயற்கைச் சாம்பல்நீலக் கற்கள் கடத்தாது.

கதிர்வீச்சு நிறம் அணிவதாலோ வெயிலாலோ போகாது. போவது பட்டறையில். தங்கத்தைப் பற்றவைக்கும் பொடி உருகச் சுமார் 700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூடு கல்லில் ஏறினால் நீலமும் பச்சையும் மஞ்சள், பழுப்பு என்று மாறிவிடக் கூடும். மீண்டும் பழைய நிறத்துக்குக் கொண்டுவர எளிய வழி இல்லை. மோதிர அளவு மாற்றக் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், அல்லது லேசரில் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

ஹெச்பிஹெச்டி, அதாவது உயர் அழுத்த உயர் வெப்ப முறை, 1999-இல் வணிகச் சந்தையில் பெரிய அளவில் பேசப்பட்டது. பழுப்புக் கல்லை நிறமற்றதாகவோ, பச்சை கலந்த மஞ்சளாகவோ, அரிதாக இளஞ்சிவப்பாகவோ மாற்றும். நிறம் நிலையானது. லூப்பில் உறுதியாகப் பிடிக்க முடியாது. நிறமாலைக் கருவிகள் வேண்டும், சில அளவீடுகள் திரவ நைட்ரஜன் குளிரில் எடுக்கப்படும்.

நான் வாங்காதே என்று நேரடியாகச் சொல்வது பூச்சு போட்ட வைரத்தை மட்டும். ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லிய படலம், பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கத்தில். மூடிய அடைப்பில் பதித்துவிட்டால் கண்ணுக்கே படாது. பட்டைகளின் ஓரங்களில் நிறம் தேய்ந்த வெண்கோடு, எதிரொளியில் எண்ணெய்ப் படலம் போன்ற மினுமினுப்பு ஆகியவை அறிகுறிகள். நெருப்பு, அமிலக் குளியல், மெருகூட்டல் எதையும் அது தாங்காது. பிளவில் கண்ணாடி நிரப்பிய கல்லும் சூட்டுக்கு அதே கதிதான். கல்லை மெல்ல அசைத்தால் பிளவில் ஆரஞ்சும் நீலமும் பளிச்சிடும்.

கறுப்பு வைரத்தில் மலிவானவை அநேகமாகப் பதப்படுத்தியவை. விரிசல் நிறைந்த சாம்பல் கல்லைச் சூடாக்கி விரிசல்களில் கிராஃபைட் உருவாக்குவார்கள். அல்லது கறுப்பாகத் தெரியுமளவு கதிர்வீச்சு தருவார்கள். இரண்டாவதன் விளிம்பில் வலுவான ஒளிக்குழாயை வைத்தால் அடர்பச்சை தெரியும்.

ஆய்வக அறிக்கை கைக்கு வந்ததும் 'ஃபேன்சி விவிட்' போன்ற நிறத் தரத்துக்கு முன், நிறத்தின் தோற்றம் என்ற வரியையும் குறிப்புகள் பகுதியையும் படியுங்கள். அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனமான ஜிஐஏ, கதிர்வீச்சு, ஹெச்பிஹெச்டி கற்களுக்கு விவரத்தைக் குறிப்பிட்டு அறிக்கை தரும். பூச்சுக் கல்லுக்கும் பிளவு நிரப்பிய கல்லுக்கும் தரச்சான்று தராது. அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் தேடி, எடையை 0.01 கேரட் வரை, நீள அகலங்களை மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். விளிம்பில் எண் பொறித்திருந்தால் அதையும் பாருங்கள். எண் மட்டும் பொருந்தினால் போதாது. வேறு கல்லின் எண்ணைப் பொறித்த வைரங்களும் ஆய்வகங்களில் பிடிபட்டுள்ளன.

முடிந்தவரை பதிக்காத கல்லாக வாங்குங்கள். பில்லில் 'இயற்கை வைரம்' என்பதோடு நிற்காமல் 'நிறமும் இயற்கை' என்றோ, எந்த முறையில் பதப்படுத்தியது என்றோ எழுதி வாங்குங்கள். அறிக்கை இன்னும் வரவில்லையென்றால், முடிவு மாறினால் முழுப் பணமும் திரும்ப என்ற வரியும் அதே பில்லில் இருக்கட்டும்.