அயர்ன் சைட்: குறிமுள்ளும் குறிக்கண்ணும்

துப்பாக்கியில் குறி பார்க்க உதவும் உறுப்பை ஆங்கிலத்தில் ‘அயர்ன் சைட்’ (iron sight) என்பார்கள். அதை ‘இரும்புக் காட்சி’ என்று மறுபடியும் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை முழு வாசகமும் இப்படி: ‘உங்கள் துப்பாக்கிக்கு நீடித்த புரட்டு இரும்புக் காட்சிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ புரட்டுவது யார், நீடிப்பது காட்சியா இரும்பா என்று எழுதியவருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். படங்களின் தமிழ் வசன வரிகளில் இதே பொருள் ‘இரும்புப் பார்வை’ ஆகிறது. ஓரிடத்தில் ‘இரும்புத் தளம்’ என்றுகூடப் பார்த்தேன். ‘சைட்’ என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டு (site, இடம்) இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. பப்ஜி ஆடும் பையன்கள் ‘அயர்ன் சைட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் சொல்வது அவர்களுக்குப் புரிகிறது.

பொருள் எளிமையானதுதான். மெரினாவில் பலூன் சுட்ட எல்லோரும் இதைக் கையாண்டிருக்கிறார்கள். குழலின் வாய்ப்பக்கம் சின்னதாக ஒரு மேடு, கண்ணுக்குப் பக்கத்தில் நடுவே வெட்டு விட்ட ஒரு தகடு. மேட்டின் தலை அந்த வெட்டுக்குள் நடுவாக, இருபுறத் தோள்களோடும் சமமாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது அதன் உச்சியில் பலூன் உட்கார்ந்திருந்தால் விசையை அழுத்தலாம். (கடைக்காரர் அந்தத் தகட்டைக் கொஞ்சம் வளைத்து வைத்திருப்பார் என்பது ஊரறிந்த சந்தேகம்.) சில துப்பாக்கிகளில் பின்பக்கம் வெட்டுக்குப் பதிலாகச் சின்னத் துளை இருக்கும். ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் பின்னால் உள்ள துளை வழியாக, முன்னால் உள்ள வளையத்துக்குள் இலக்கின் கரும்புள்ளியை நிறுத்தித்தான் சுடுகிறார்கள்.

சொல் வரலாறு சுருக்கமானது. ‘சைட்’ பார்த்தலைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துப்பாக்கி உறுப்புக்கும் அது பெயராகிவிட்டது. ‘அயர்ன்’ பின்னால் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி வில்லை போட்ட தொலைநோக்கி துப்பாக்கிமேல் ஏறிய பிறகு, பழையதைப் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது. செல்போன் வந்த பிறகு வீட்டுத் தொலைபேசி ‘லேண்ட்லைன்’ ஆன கதைதான். ஆகவே இங்கே இரும்பு என்றால் ‘கண்ணாடி இல்லாதது’ என்று மட்டுமே அர்த்தம்.

இதைக் கவனிக்காமல் இரும்பைத் தூக்கித் தமிழில் போட்டால் என்ன ஆகும்? மேலே சொன்ன கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் போகும். அது அமெரிக்காவில் ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி. அவற்றின் மேற்பரப்பில் பிக்காட்டினி தண்டவாளம் என்ற பல் வைத்த பட்டை ஓடும். அமெரிக்க ராணுவம் 1995-இல் அதற்கு அளவு வகுத்தது. அதன்மேல், கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறி பார்க்க உதவும், மின்கலத்தில் ஓடும் சிவப்புப் புள்ளிக் கருவியை மாட்டிக்கொள்வார்கள். மின்கலம் தீர்ந்தால், கண்ணாடியில் சேறு அப்பினால், கைகொடுக்க ஒரு மாற்று வேண்டும். அந்த மாற்று மற்ற நேரத்தில் கண்ணை மறைக்காமல் படுத்துக் கிடக்க வேண்டும். தேவைப்படும்போது நிமிர்த்திக்கொள்ளலாம். இதுதான் ‘ஃபிளிப்-அப்’. இதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பதே ‘எதில் செய்தது?’ என்றுதான். ஏனென்றால் இன்று விற்பவற்றில் பல இரும்பே இல்லை. மேக்புல் நிறுவனத்தின் ‘எம்.பி.யு.எஸ்.’ என்ற வகை பாலிமர், அதாவது வலுவான பிளாஸ்டிக். அதே நிறுவனத்தின் ‘ப்ரோ’ வகை எஃகு. டிராய் நிறுவனம் அலுமினியத்தில் செய்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர் இப்போது ‘பிளாஸ்டிக் இரும்புக் காட்சி’ என்றும் ‘அலுமினிய இரும்புக் காட்சி’ என்றும் எழுதியாக வேண்டும். எழுதவும் செய்கிறார்கள்.

அந்தக் கேள்வியின் உள்ளே கொஞ்சம் போனால்தான் சொல்லின் கோளாறு முழுதாகத் தெரியும். பாலிமருக்கு எடை குறைவு, துரு இல்லை, இடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் திரும்பும். ஆனால் சூடு தாங்காது. தொடர்ந்து சுட்டால், வெடிமருந்தின் வாயுவில் ஒரு பகுதியைக் குழலிலிருந்து திருப்பிவிடும் வாயுப் பெட்டி கொதிக்கும். அதன்மேலேயே முன்பக்க மேட்டை மாட்டுகிற அமைப்பு சில துப்பாக்கிகளில் உண்டு. அங்கே பாலிமரை மாட்டக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எஃகு சூட்டையும் அடியையும் தாங்கும், மேல்பூச்சு போனால் துருப்பிடிக்கும். அலுமினியம் நடுவில் நிற்கிறது.

இவற்றையெல்லாம்விட முக்கியம் கீல். மடங்குகிற எதுவும் முதலில் கெடுவது கீலில்தான். நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே 50 சென்டிமீட்டர் இருக்கிறது, பின்னது அரை மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். நிமிர்ந்ததும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறதா, வெறும் வில் விசையில் நிற்கிறதா என்பதும் ஒரு விவாதம். பூட்டு இருந்தால் ஆட்டம் குறையும். பூட்டு இல்லாதது கதவில் இடித்தால் உடையாமல் மடங்கிக்கொள்ளும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். காசு என்னுடையது என்றால் பூட்டு உள்ள எஃகின் பக்கம்தான் சாய்வேன். இப்போது சொல்லுங்கள், பெயரிலேயே ‘இரும்பு’ என்று போட்டுவிட்டால், எதில் செய்தது என்று கேட்க வேண்டிய வாசகன் எதைக் கேட்பான்? ‘இரும்புதானே, உழைக்கும்’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவான்.

சரி, அடுத்த பாதி. ‘காட்சி’ என்பது காணப்படுவது. நாடகத்தில் காட்சி, மலைக்காட்சி, கண்கொள்ளாக் காட்சி. ‘பார்வை’ என்பது காணும் செயல் அல்லது திறன். காண உதவும் கருவி இரண்டிலுமே இல்லை. ஆங்கிலம் காண்பதற்கும் காணப்படுவதற்கும் கருவிக்கும் ‘சைட்’ ஒன்றையே வைத்து ஓட்டுகிறது, அது அதன் சிக்கனம். தமிழில் கருவிக்கென்று தனியாகக் காட்டி, நோக்கி, மானி என்று எத்தனை இருக்கின்றன! அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு, இயந்திரமே போதும். இப்போது இயந்திரம்தான் செய்கிறது, மனிதர்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

இதற்கு எதிராகத் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘உலோகக் குறிநோக்கி’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ‘இரும்புக் காட்சி’யைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலாவது, தொலைநோக்கி, நுண்ணோக்கி எல்லாம் வில்லை போட்ட கருவிகள். ‘நோக்கி’ என்றதும் தமிழ் வாசகன் மனத்தில் கண்ணாடிதான் வரும். குறிநோக்கி என்ற சொல் துப்பாக்கித் தொலைநோக்கிக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதை அங்கே கொடுக்காமல், கண்ணாடியே இல்லாத ஒன்றுக்குக் கொடுத்து வீணாக்குவானேன்? இரண்டாவது, ‘உலோக’. தொலைநோக்கியின் குழலும் உலோகம்தான். பாலிமர் வகையோ உலோகமே இல்லை. இரும்பை உலோகம் என்று பொதுவாக்கியதால் தப்பு கொஞ்சம் அகலமானதே தவிர சரியாகவில்லை. இதை ஓர் அன்பரிடம் சொன்னபோது, ‘கலைச்சொல் என்றால் நேர்ப்பொருள் பார்க்கக் கூடாது’ என்றார். நேர்ப்பொருள் பார்க்கக் கூடாதென்றால் ஆங்கிலத்தின் இரும்பைப் பார்த்து எதற்கு உலோகம் என்று வைத்தீர்கள்? தூய்மை வேண்டும் என்கிறவர்கள் சொல்லில் மட்டும் வடமொழியையும் ஆங்கிலத்தையும் தேடித் துரத்துகிறார்கள். சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆங்கில யோசனையை அப்படியே உள்ளே விட்டுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு ‘உலோக’மே வடசொல்தான்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ரஷ்யர் முன்னால் இருக்கும் மேட்டை ‘முஷ்கா’ என்கிறார்கள், சின்ன ஈ. பாரசீகத்தில் ‘மகசக்’, அதுவும் சின்ன ஈ. இந்துஸ்தானியில் ‘மக்கி’, ஈயேதான். ஜெர்மானியர் பின்னால் இருப்பதை வெட்டு என்றும் முன்னால் இருப்பதைத் தானியமணி என்றும் சேர்த்து ‘கிம்மெ உண்ட் கோர்ன்’ என்கிறார்கள். எவரும் இரும்பைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பொருளைப் பார்த்தார்கள், எது மாதிரி இருக்கிறதோ அந்தப் பெயரை வைத்தார்கள். நம்மவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். துருக்கி வழி வந்த சொல்லைத் துப்பாக்கி ஆக்கிக்கொண்டு, அதன் உறுப்புக்குக் ‘குதிரை’ என்று பெயர் வைத்தார்கள். ஈழத்தில் அடிக்கட்டையைப் ‘பிடங்கு’ என்பார்கள். கத்திக்கும் கோடரிக்கும் இருந்த சொல்லை எடுத்துத் துப்பாக்கிக்கும் போட்டார்கள், ஒரு கலைச்சொல் குழுவும் கூடாமலே.

அதனால் ‘குறி’யிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலம் இந்த வேலையைக் கண்ணால் பார்க்கிறது, தமிழ் குறியால் பார்க்கிறது. குறி வைத்தான், குறி பார்த்தான், குறி தப்பியது. இந்த வினைகள் உயிரோடு இருக்கும்போது காட்சிக்கும் பார்வைக்கும் என்ன அவசியம்? ஒரு சங்கடம் மட்டும் உண்டு. குறி தனியாக நின்றால் சோதிடக்காரி வந்துவிடுவாள், உடற்கூறு ஆசிரியரும் வந்துவிடுவார். வெறுங்கண் என்பதுபோல ‘வெறுங்குறி’ என்று வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தர்க்கப்படி பழுதே இல்லை. பத்தாம் வகுப்பில் போய் அதை உரக்கச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அத்தோடு விட்டுவிட்டார்.

என் பரிந்துரை: முன்னால் இருப்பது குறிமுள், பின்னால் துளையாக இருப்பது குறிக்கண், வெட்டாக இருந்தால் குறிவெட்டு. தராசுக்கு முள் உண்டு, கடிகாரத்துக்கு முள் உண்டு. எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கான மெல்லிய உறுப்பைத் தமிழ் முள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. எம்-16 துப்பாக்கியில் இருப்பது தட்டைத் தலையுடைய குச்சி, குத்தாதே என்று ஆட்சேபிக்கலாம். கடிகார முள் மட்டும் குத்துகிறதா? கண் அதைவிடப் பொருத்தம். ஊசிக்குக் கண், தேங்காய்க்குக் கண், வலைக்குக் கண். துளையைக் கண் என்பது நமக்குப் பிறவிப் பழக்கம். இங்கே நிஜமாகவே அதன் வழியாகக் கண்ணால் பார்க்கவும் செய்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘குறிமுள்’ என்றே விட்டுவிடலாம், பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பிரித்துக்கொள்ளலாம்.

‘ஃபிளிப்-அப்’புக்குப் ‘புரட்டு’ போட்டவரை மன்னிக்கவே முடியாது. பொய்யும் புரட்டும் என்று அன்றாடம் பேசுகிற மொழியில் ‘புரட்டு இரும்புக் காட்சி’ என்றால் யாரோ மோசடி செய்த மாதிரி இருக்கிறது. மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி இருக்கிற நாட்டில் மடக்குக் குறிமுள் என்று சொல்ல என்ன தயக்கம்? இது ஒன்றும் நேற்று வந்த அமைப்பும் இல்லை. 1857-இல் சிப்பாய்கள் தோட்டாவைக் கடிக்க மறுத்தார்களே, அந்த 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியிலேயே பின்பக்கம் ஓர் ஏணித் தகடு படுத்துக் கிடக்கும். தூரத்தில் சுட வேண்டுமென்றால் அதை நிமிர்த்துவார்கள். அப்புறம் வந்த நான்காம் எண் என்ஃபீல்டின் ஒரு வகையில் எல் வடிவத் தகடு. ஒரு பக்கம் நிமிர்த்தினால் 300 கஜம், மறுபக்கம் சாய்த்தால் 600 கஜம்.

கடைசியாக, ‘டியூரபிள்’ என்பதற்குப் போட்ட ‘நீடித்த’. நீடித்த மழை உண்டு, நீடித்த வழக்கு உண்டு. செருப்பையோ சைக்கிளையோ யாராவது நீடித்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘உழைக்கும்’ என்போம். ‘பத்து வருஷம் உழைச்சிருக்கு’ என்போம். முதலில் சொன்ன வாசகத்தை எழுதியவர் ‘அடி தாங்கி உழைக்கும் மடக்குக் குறிமுள்ளைப் பார்த்து வாங்குவது எப்படி?’ என்று எழுதியிருந்தால் ஒரு சொல்லுக்கும் அகராதியைத் தொட்டிருக்க வேண்டாம். சிவப்புப் புள்ளிக் கருவியின் கண்ணாடி வழியாகவே குறிமுள்ளும் தெரிகிற மாதிரி இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘கோ-விட்னஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதை யாராவது ‘சக சாட்சி’ என்று எழுதுவதற்குள் ‘ஒருகோட்டுக் குறி’ என்று சொல்லி வைக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.