கவாசாகி: ஒரே மாவில் இரண்டு ரொட்டி

"கவாசாகின்னா மோட்டார் பேருதானே சார்?" பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். எட்டு மாதப் பிள்ளைக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், ஆன்டிபயாடிக்குக்கு அசையவில்லை. மருத்துவமனையில், யார் யாரோ தானம் செய்த ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை விடிய விடிய ஏற்றியதும் இறங்கிவிட்டது. கிருமியைக் கொல்லாமல் காய்ச்சல் எப்படித் தணிந்தது?

மோட்டாருக்கும் இந்தக் கவாசாகி நோய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. டோமிசாகு கவாசாகி ஜப்பானியக் குழந்தை மருத்துவர். 1961இல் முதல் பிள்ளையைப் பார்த்தவர், 1967இல் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அடையாளம்: ஐந்து நாளாவது நீடிக்கும் காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, தடிப்பு, வீங்கிய கைகால். கூடவே, பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு திடீரெனச் சிவந்து தடிக்கலாம். சட்டைக் கையைத் தூக்கிப் பாருங்கள்.

நோய் இருப்பது ரத்தக்குழாய்ச் சுவரில். சிகிச்சை இல்லாவிட்டால் நான்கில் ஒரு பிள்ளைக்கு இதயத்தின் கரோனரி குழாய் நைந்து பலூன்போல உப்பிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மாமாக் கடையில் ரொட்டிக்கு மாவு உருண்டை ஒன்றுதான். சும்மா வீசிப் போட்டால் ரொட்டி கானாய், முட்டையை உடைத்து ஊற்றினால் ரொட்டி தெலோர். உடம்பின் காவல் வேலை பார்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகை டி செல். இன்னும் தொழில் பழகாத டி செல்லும் அப்படித்தான். டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் மட்டும் பட்டால் அது 'டிரெக்' செல்லாகும்: "போதும், விடுங்கப்பா" என்று சண்டையை விலக்கிவிடும் பெரியவர். அதே புரதத்தோடு இன்டர்லியூக்கின்-6 என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் சேர்ந்தால் 'டிஎச்17' செல். இது இன்டர்லியூக்கின்-17ஐச் சுரந்து நியூட்ரோபில் என்ற சண்டைக்கார வெள்ளையணுப் பட்டாளத்தையே வரவழைக்கும். கவாசாகிக் காய்ச்சலின் உச்சத்தில் ரத்தமெல்லாம் இன்டர்லியூக்கின்-6. டிஎச்17 பெருகுகிறது, பெரியவர்கள் குறைகிறார்கள். வந்த பட்டாளம் சொந்தக் குழாயையே குதறுகிறது. முதலில் தூண்டிவிட்டது எது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இரவில் ஏறியது இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தது. எடையில் கிலோவுக்கு 2 கிராம், 10-12 மணி நேரம். அது பல வழிகளில் வேலை செய்கிறது. அதில் ஒன்று, டிரெக் மீண்டும் ஏறி டிஎச்17 இறங்குவது. பத்து நாளுக்குள் ஏற்றினால் பலூன் ஆபத்து நூற்றுக்கு நான்கைந்தாகிவிடும்.

டிரெக் செல்லை 1995இல் அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கு, வேறு இருவரோடு, 2025இல்தான் நோபல் கிடைத்தது. மூன்று வருடத்தில் பலன் கேட்டு நிதி கொடுப்பவர்கள் அந்த முப்பது வருடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலையோடு காத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. ஆத்தாளுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் காய்ச்சல் எத்தனை நாளாயிற்று என்பதையும் எண்ணுங்கள்.

அந்தத் தாயின் அடுத்த கேள்வி, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி. இந்த மருந்து ஏற்றிய பிள்ளைக்கு, ஏற்றிய நாளிலிருந்து வழக்கமாக 11 மாதம் தள்ளிப் போடுவார்கள். ஊசியிலுள்ள பலவீனமான வைரஸ், பிள்ளையின் உடம்புக்குப் பாடம் நடத்தும் முன்பே, முகம் தெரியாத அந்த ஆயிரம் பேரின் எதிர்ப்புப் புரதங்கள் அதைப் பிடித்துவிடும்.